இரண்டாம் எழுத்து

1

பட்டினப்பாக்கம் என்ற பெயரை எந்த வரிசையில் வைப்பது? தபால் இலாகா கவலைப்பட வேண்டிய விஷயமாக இது தோன்றலாம். ஆனால் தமிழ் அகராதியின் நானூறு ஆண்டுச் சரித்திரமும், அதனோடு ஒட்டிப் பிறந்த ஒரு மறதியும் இந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. கவிதை எழுதுகிறவர்களுக்கு இந்த மறதி பற்றி யோசிக்கக் காரணம் உண்டு.

யாப்பிலக்கணம் தொடை என்ற தலைப்பின் கீழ் எழுத்துகளின் சேர்க்கையைப் பேசுகிறது. முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. ஈற்றெழுத்தோ ஈற்றுச் சொல்லோ ஒன்றி வந்தால் இயைபு. இவற்றைச் செய்யுளுக்கு அணிவிக்கும் நகைகளாகவே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இவை சொற்களை அடுக்கி வைக்கும் மூன்று முறைகளும்கூட. ஒரே சொல்லை மூன்று முறையிலும் வைத்துப் பார்த்தால், மூன்று வேறு தெருக்களில் அது குடியிருப்பது தெரியும்.

முதல் தெருவை நாம் அறிவோம். இன்றைய அகராதி வரிசை என்பது மோனையைக் கடைசி எழுத்துவரை இழுத்துச் சென்றதன் விளைவுதான். அந்த வரிசையில் பட்டினப்பாக்கத்துக்கு முன்வீடு பட்டினத்தார், பின்வீடு பட்டினப்பாலை, கொஞ்சம் தள்ளிப் பட்டினவர். இந்த அண்டை மோசமானதல்ல. பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துக்காரர். மரபு அவரது சமாதியை இதே சோழமண்டலக் கரையில், வடக்கே திருவொற்றியூரில் வைக்கிறது. பட்டினப்பாலை, கரிகாலனின் அதே பட்டினத்தைப் பற்றி உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகள். பட்டினவர், இக்கரை நெடுகிலும் கடலில் இறங்கிப் பிழைக்கும் மீனவர். ஒரு நகரம், அதைத் துறந்தவர், அதைப் பாடிய பாட்டு, அதன் கடலோரத்து மனிதர்கள் என்று எல்லாம் நான்கு வரிகளுக்குள் வந்துவிடுகின்றன. தொகைச்சொற்களில் முதலுறுப்பு ஒன்றாக இருக்கும்வரை அகர வரிசை நல்ல காரியஸ்தன். அந்த உறுப்பு மாறிய கணமே அதற்குக் கண் தெரிவதில்லை.

மோனைக்கும் அகர வரிசைக்கும் இடையே ஒரு பேதம் உண்டு. புலவனின் காது மகரத்தையும் வகரத்தையும் ஓரினமாகக் கேட்கும். சகரமும் தகரமும் அப்படியே. ஞகரமும் நகரமும் அப்படியே. அகராதியில் இவற்றுக்கிடையே பல நூறு பக்கங்கள். மோனையைக் காதிடமிருந்து வாங்கிக் கண்ணிடம் கொடுத்தபோது இந்த உறவுகள் முதலில் போயின.

2

இரண்டாவது தெரு இயைபு. பட்டினப்பாக்கத்தை அதன் வாலைப் பிடித்துத் தூக்கினால் சென்னை முழுவதும் கூடவே எழுந்து வருகிறது. சேப்பாக்கம், நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், கீழ்ப்பாக்கம், அரும்பாக்கம், விருகம்பாக்கம், நந்தம்பாக்கம், மீனம்பாக்கம். இன்னொரு வரிசையில் புரசைவாக்கம், வில்லிவாக்கம், வளசரவாக்கம், மேடவாக்கம். இங்கே இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட பகரம் இளகி வகரமாகிவிட்டது. ஒற்று காவல் இருக்குமிடங்களில் அது பகரமாகவே தங்கிவிட்டது. ஒரு நகரத்தின் பஸ் பலகைகளில் இவ்வளவு ஒலியிலக்கணம் எழுதப்பட்டிருக்கிறது.

பாக்கம் என்றால் என்ன? நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் இலக்கணம் ஐந்து நிலங்களுக்கும் ஊர்ப்பெயர் பிரித்துத் தருகிறது. குறிஞ்சிக்குச் சிறுகுடி, முல்லைக்குப் பாடியும் சேரியும், மருதத்துக்குப் பேரூரும் மூதூரும், பாலைக்குக் குறும்பு, நெய்தலுக்குப் பட்டினமும் பாக்கமும். நிகண்டுகளும் பாக்கத்தை நெய்தல் நிலத்து ஊராகவே காட்டுகின்றன. ஆனால் நுங்கம்பாக்கத்துக்கும் கோடம்பாக்கத்துக்கும் கடல் தெரியாது. தொண்டை மண்டலத்துப் பாக்கங்களில் பெரும்பாலானவை ஏரிக்கரைகளை நம்பி எழுந்த ஊர்கள். நுங்கம்பாக்கத்தையும் மாம்பலத்தையும் ஒட்டிக் கிடந்த நெடிய ஏரி 1920களில் தூர்க்கப்பட்ட இடத்தில்தான் தியாகராய நகர் உண்டாயிற்று. ஏரி போய்விட்டது, பெயரின் வால் மிச்சமிருக்கிறது. நம்பி வகுத்த பிரிவினை நிலத்தில் செல்லுபடியாகவில்லை என்பதை ஓர் இயைபுப் பட்டியலே காட்டிவிடுகிறது. வியாசர்பாடியையும் வேளச்சேரியையும் முல்லையில் வைத்துப் பார்க்க யாருக்குத் துணிவு வரும்?

இந்தப் பட்டியலில் நம் பட்டினப்பாக்கம் மட்டும் புத்தகத்திலிருந்து வந்து உட்கார்ந்தது போன்ற பெயர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் இரண்டு கூறுகளாக நிற்கிறது. கடலையொட்டி மருவூர்ப்பாக்கம்: யவனரும் கடல்வணிகரும், மீன் விற்போரும் உப்பு விற்போரும், நெய்வோரும் கொல்லரும் அங்கே. உள்ளே தள்ளிப் பட்டினப்பாக்கம்: அரசவீதி, தேர்வீதி, பெருவணிகரின் மாடங்கள், அந்தணர் தெரு, மருத்துவர், சோதிடர். இரண்டுக்கும் நடுவே மரங்களின் கீழ் நாளங்காடி.

சென்னையின் பட்டினப்பாக்கமோ சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்றின் முகத்துவாரம் வரை, அலையின் விளிம்பில் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரான ஃபோர்ஷோர் எஸ்டேட்டும் கரையைத்தான் சொல்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் அதன் சீனிவாசபுரத்துக் குடிசைகளுக்குள் புகுந்தது. மீன்வலையும் உப்புக்காற்றும் உள்ள இந்த இடத்துக்குக் காவியத்தின்படி மருவூர்ப்பாக்கம் என்றல்லவா பெயர் இருந்திருக்க வேண்டும்? ஆனால் நம்பியின் கணக்கில் பட்டினமும் நெய்தல், பாக்கமும் நெய்தல். இந்த ஊருக்கு இரண்டு முறை பொருந்துகிற பெயர் அது. காவியத்தின் படம் தவறென்று சொல்கிற பெயரைச் சொற்பொருள் சரியென்று சொல்கிறது.

இயைபு இவ்வளவு தந்தும் தமிழ்க் கவிதை அதைப் பிரதானமாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் மொழியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல்லின் கடைசிப் பகுதி சொல்லுக்குச் சொந்தமில்லை; வேற்றுமையும் காலமும் பாலும் வந்து தங்கிப் போகும் சத்திரம் அது. வந்தான், நின்றான், போனான் என்று அடிக்கு அடி முடித்தால் இலக்கணமே எதிரொலிக்கிறது, சொற்கள் சந்திப்பதில்லை. ஊர்ப்பெயர்களில் மட்டும் வால் ஒரு தனிச்சொல்லாக இருப்பதால் பாக்கத்துக்கு இந்த பாக்கியம் கிடைத்தது. ஆங்கிலத்தில் விகுதிகள் பெரும்பாலும் தேய்ந்துபோன பின்பு சொல்லின் கடைசி அசை சொல்லுக்கே உரியதாயிற்று. அதனால் அவர்களுக்கு ஈற்றெதுகை பிரதானம். 1570இல் பீட்டர் லெவின்ஸ் ஈற்று ஒலிப்படி ஓர் அகராதி செய்தார். 1775இல் ஜான் வாக்கர் ஆங்கிலச் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்திப் பொருளும் தந்தார். அரபு மொழியில் 1290இல் இபின் மன்சூர் முடித்த பேரகராதி வேர்ச்சொல்லின் கடைசி மெய்யைக் கொண்டு அடுக்கப்பட்டது. சீனத்தில் 601இலேயே தொனியையும் ஈற்று ஒலியையும் கொண்டு எழுத்துக்களைத் தொகுத்துவிட்டார்கள். ஒவ்வொரு மொழியும் தன் சொல் எந்த இடத்தில் உறுதியாக இருக்கிறதோ அந்த இடத்தில் கை வைத்தது என்று இவற்றைப் பார்க்கலாம்.

3

தமிழ் கை வைத்த இடம் இரண்டாம் எழுத்து.

நிகண்டுகள் அடிப்படையில் பொருள்வரிசை நூல்கள். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று உலகைப் பகுத்துக்கொண்டு போவது திவாகரம் முதலே உள்ள முறை. ஆனால் ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும் பகுதியில் இந்த வகைப்பாடு உதவாது. ஒலியைத்தான் நம்ப வேண்டும். இதே சிக்கல் வடமொழி அமரகோசத்துக்கும் வந்தது. அங்கே பலபொருட் சொற்களைக் கடைசி மெய்யின்படி, ககர ஈறு, ககரத்தின் அடுத்த எழுத்து ஈறு என்று அடுக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டினராகப் பொதுவாகக் கருதப்படும் மண்டலபுருடர் சூடாமணி நிகண்டில், பதினோராம் தொகுதியை ககர எதுகையில் தொடங்கி னகர எதுகை வரை இரண்டாம் எழுத்தின்படி அமைத்தார். முன்மாதிரி ஈற்றில் இருந்தது. அவர் அதை உள்ளே நகர்த்தினார். தமிழ்ச் சொல் எங்கே நிற்கிறது என்ற தெளிவு இல்லாமல் இந்த நகர்த்தல் நடந்திருக்காது.

ஏன் இரண்டாம் எழுத்து? கண், பண், மண், விண், எண், உண் என்று சொல்லிப் பாருங்கள். தமிழ் அடிச்சொல்லின் எலும்பு பெரும்பாலும் இரண்டாம் இடத்து மெய்யில் இருக்கிறது. விகுதிகள் அதற்குப் பின்னால்தான் வந்து ஒட்டுகின்றன. முதல் எழுத்து, கதவு போல, திறந்து மூடி மாறக்கூடியது. இரண்டாவது, வீட்டின் தூண்.

மூன்றாவது தெருவுக்கு இப்போது பட்டினப்பாக்கத்தை அழைத்துப் போகலாம். முதலில் குறில், இரண்டாவதாக டகர ஒற்று. இந்தத் தெருவில் குடியிருப்போர் சிலரை, பழைய சொற்களாகப் பார்த்து, அடுக்குகிறேன்.

அட்டில்: சமையலறை.

இட்டிகை: செங்கல்.

எட்டி: நஞ்சுள்ள மரம், சோழர்கள் பெருவணிகருக்குத் தந்த பட்டமும் அதே பெயர்.

குட்டம்: ஆழம், குளம், தோல் அழுகும் நோய்.

கொட்டி: குளத்தில் ஆம்பலோடு வளரும் நீர்ப்பூண்டு.

சட்டகம்: படுக்கை, உடல்.

தட்டை: தினைப்புனத்தில் கிளி ஓட்ட, மூங்கிலில் செய்த ஒலிக்கருவி.

நட்டம்: கூத்து, இழப்பு.

பட்டடை: கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்.

பட்டி: ஆடுமாடுகளை அடைக்கும் இடம்.

மட்டு: தேன், கள், அளவு.

வட்டுடை: முழங்கால் அளவாக வீரர் உடுத்தது.

அகராதியில் ஒன்றையொன்று ஒருநாளும் பார்த்திராத சொற்கள் இவை. அகரத்தில் ஒன்று, வகரத்தில் ஒன்று என்று சிதறிக் கிடப்பவை. இங்கே ஒரே தாளத்தில் நிற்கின்றன. வணிகப் பட்டமும் விஷமரமும் ஒரு சொல்லுக்குள் இருப்பதைப் பார்க்கிறோம். கூத்தும் இழப்பும் அதேபோல ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. இழப்பைக் குறிப்பது, வடமொழி நஷ்டம் தமிழ்ச் செவியில் உருமாறியது. பட்டினம் என்று ஓர் அடியைத் தொடங்கிய பழைய புலவனுக்கு அடுத்த அடியின் வாசலில் இத்தனை பேரும் வந்து நின்றார்கள். சமையலறையும் கொல்லுலையும் கள்ளும் குளமும் நகரத்தின் பக்கத்தில் வந்தன. அவனது கற்பனை எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுக்கும் வேலையை எதுகை செய்தது. கவிதையில் எதிர்பாராமை என்பதை நாம் படிமத்தின் சாதனையாகவே பேசிப் பழகிவிட்டோம். அதற்கு முன் அந்தக் காரியத்தை ஒலி செய்துகொண்டிருந்தது.

இவ்வளவும் மனப்பாடத்தின் உலகில் நடந்தது. திண்ணைப் பள்ளியில் பையன்கள் நிகண்டை நெட்டுருப் போட்டார்கள். நெட்டுருப் போடுகிறவனுக்கு ஒரு சொல் அடுத்த சொல்லை இழுத்து வர வேண்டும்; எதுகை அந்தக் கயிறு. பக்கத்தைப் புரட்டித் தேடுகிறவனுக்குக் கயிறு வேண்டாம், முகவரி போதும்.

4

முகவரியின் சரித்திரம் 1594இல் தொடங்குகிறது. சிதம்பரம் இரேவணசித்தர் செய்த அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின்படி வைத்தது. அகரத்தை ஆதியாகக் கொண்டது என்ற அந்தப் பெயர்தான் பின்னால் எல்லா அகராதிகளுக்கும் பொதுப்பெயராயிற்று. 1679இல் அம்பலக்காட்டில் அந்தாவ் டி புரோயன்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி, அவர் இறந்த பிறகு, அச்சாகி வெளிவந்தது. தமிழைக் காதால் வளராதவர்களுக்கு, வேறு மொழியிலிருந்து வந்து சொல்லைத் தேடுகிறவர்களுக்கு, செய்த நூல் அது. அவர்களுக்குக் கயிறு எதற்கு?

1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். தமிழ் அகராதிக் கலையின் தந்தை என்று அவரைப் புகழ்கிறவர்கள் அந்நூலின் பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பதில்லை. சதுர் என்றால் நான்கு. பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி என்று நான்கு அகராதிகள். முதலாவது சொல்லுக்குப் பொருள் தருகிறது. இரண்டாவது ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருகிறது. மூன்றாவது இருசுடர், முக்கனி, ஐம்பொறி என்பது போன்ற தொகைகளை விரிக்கிறது. நான்காவது எதுகைக்கு உதவும் சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரி, எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்தில் பிரித்துக் காட்ட வழி செய்தவர், கண்ணுக்கான வரிசையின் நியாயத்தை நன்கு உணர்ந்தவர், காதுக்கான வரிசைக்கும் ஓர் அறை ஒதுக்கினார். தேம்பாவணி எழுதியவர் ஆகையால் அந்த அறை இல்லாமல் தமிழ் வீடு முழுமையாகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்நூலை 1824இல் சென்னைக் கல்விச் சங்கம் முழுவதுமாக அச்சிட்டது. 1812இல் கும்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டு மொழிகள் கற்பிக்க எல்லிஸ் முன்னின்று அமைத்த ஸ்தாபனம் அது. நுங்கம்பாக்கத்தின் கல்லூரிச் சாலை என்ற பெயரில் அதன் ஞாபகம் இன்னும் இருக்கிறது. வருவாய்க் கணக்கும் வழக்கு மனுவும் படிக்க வேண்டிய ஒரு துரைக்குத் தொடையகராதியால் எந்தப் பிரயோசனமும் இருந்திருக்க முடியாது. இருந்தும் அச்சாயிற்று. அதற்குப் பிறகு வந்த பெருநூல்களில் அந்த அறை இல்லை. வேப்பேரியில் 1779இல் வெளிவந்த பப்ரிசியஸின் அகராதியிலேயே அது கிடையாது. 1862இல் வின்சுலோ, பின்பு 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன். லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்தக் காரியத்தை 1926 முதல் ஆசிரியராக இருந்து வையாபுரிப் பிள்ளை முடித்துத் தந்தார். தமிழர் இந்த நூற்றாண்டுகளில் செய்த மிகப் பெரிய அறிவுக் காரியங்களில் அது ஒன்று. ஆனால் அதன் வரிசை ஒன்றே ஒன்று.

இழந்தது கவிஞனின் சௌகரியம் மட்டுமா என்று கேட்கலாம். யாறு என்ற பழஞ்சொல்லும் ஆறு என்ற புதுச்சொல்லும் ஒன்றே. அகர வரிசையில் இவற்றுக்கு நடுவே அகராதியின் பெரும்பகுதி கிடக்கிறது. யாமை, ஆமை, ஞண்டு, நண்டு, ஞாயிறு, நாயிறு, யான், நான், சிப்பி, இப்பி, சிறகு, இறகு. எல்லாவற்றிலும் முதலெழுத்து மாறியிருக்கிறது அல்லது உதிர்ந்திருக்கிறது; இரண்டாம் எழுத்து அசையவில்லை. சொல்லின் முதலில் நின்ற சகரம் தென் திராவிட மொழிகளில் உதிர்வதைப் பற்றி பரோ 1947இல் எழுதினார். ஒப்பிலக்கணத்தின் உழைப்பால் கிடைத்த முடிவு அது. ஆனால் எதுகை வரிசையில் அமைந்த ஓர் அகராதியில் சிறகும் இறகும் ஒரே பக்கத்தில் இருந்திருக்கும். புலவனின் காது அவற்றை விளக்கமில்லாமல் பக்கத்தில் வைத்திருந்தது. பட்டினப்பாக்கத்தில் கடலில் சேரும் நதியின் பெயரையே பாருங்கள். அடையாறு என்பதில் உள்ள யகரம் பழைய யாறின் மிச்சமா, அடையும் ஆறும் சேர்ந்தபோது இடையில் பிறந்த உடம்படுமெய்யா? எழுத்தைப் பார்த்து நிச்சயிக்க முடியாது. இரண்டாம் எழுத்தான றகரம் எந்தப் பதிலிலும் மாறுவதில்லை.

இங்கே எச்சரிக்கை அவசியம். பக்கத்தில் நிற்பது வேறு, உறவு என்பது வேறு. சிறகும் இறகும் உறவு. எட்டியும் பட்டியும் வெறும் அண்டை. இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள் ஒலி ஒற்றுமையையே சாட்சியாக்கி உலகத்து மொழிகளுக்கெல்லாம் தமிழில் வேர் பிடுங்கிக் காட்டியிருக்கிறார்கள். எதுகை அறிவைப் பாழாக்கிய இரு திறத்தாரில் இவர்கள் ஒரு திறம். மற்றவர்கள் கவிராயர்கள்.

5

கவிராயர்களின் குற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. எழுத்துகளைச் சங்கிலியாகக் கோக்கும் வித்தை இந்த மயிலைக் கரையில் நெடுங்காலம் புழங்கியது. மரபு மயிலாப்பூரில் பிறந்தவராகச் சொல்லும் பேயாழ்வார் செய்தது மூன்றாம் திருவந்தாதி. ஒரு வெண்பா முடிந்த ஒலியில் அடுத்தது பிறக்கிறது. இதே கரையில் கோயில் கொண்டிருந்த நேமிநாதரின் பெயரால் குணவீர பண்டிதர் ஓர் இலக்கணம் செய்தார். நன்னூலுக்குப் பழைய உரை தந்தவர் மயிலைநாதர் என்றே அறியப்படுகிறார். அவிரோதி நாதரின் திருநூற்றந்தாதியும் அந்த நேமிநாதரைப் பற்றியதே. அந்தச் சமணக் கோயில் இன்று இல்லை, அந்தாதி இருக்கிறது. ஊர் அழிந்தாலும் அறுபடாதபடி கோத்த கயிறு அது. அந்தாதியில் எழுத்தின் தொடர்ச்சிக்கு ஞாபகத்தின் நியாயம் இருந்தது.

பிற்காலத்தில் நியாயம் போய் விளையாட்டு மிஞ்சியது. திரிபு என்றால் நான்கு அடிகளின் தொடக்கத்திலும் முதலெழுத்து மட்டும் மாற, பின்வரும் எழுத்துகள் எல்லாம் அப்படியே வர வேண்டும். யமகம் என்றால் எல்லா எழுத்தும் அதே. பிரித்துப் பொருள் கொள்வதில்தான் வேறுபாடு. தாமரை மலருமாகும், தாவுகிற மானுமாகும் என்பதுபோல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இரு வகையிலும் அந்தாதிகள் செய்திருக்கிறார். அவரது மொழியாற்றலில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பாடல்களில் சொற்கள் ஒன்றையொன்று சந்தித்து எதையும் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கனவே வகுத்த கட்டத்தில் வந்து உட்காருகின்றன. உரையாசிரியர் இல்லாமல் திறக்காத பூட்டுகள். எதுகை தேடலாக இருந்தது போய் விடையாகிவிட்டது. சினிமாப் பாட்டும் மேடைக் கவியரங்கும் இந்த விடையை மலிவு விலைக்கு விற்றன.

இதன் பின்னணியில் 1959இல் சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ தொடங்கியது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ வந்தது. புதுக்கவிதை எதுகையை உதறியது சரியான காரியம், அவசியமான காரியம். ஆனால் ஒரு விஷயம் கவனத்துக்குரியது. எதுகையை உதறிய இந்த இயக்கம் தன் பத்திரிகைகளுக்குப் பெயர் வைத்தபோது எங்கே போயிற்று? ‘எழுத்து’, 1970இல் ‘கசடதபற’, 1972இல் ‘அஃக்’, 1978இல் ‘ழ’. பொருளுள்ள சொற்களை விட்டு எழுத்தின் வெறும் உடலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆறு வல்லின எழுத்துகளை வரிசையாகச் சொல்வதே ஒரு பிரகடனமாக ஒலித்தது. சொல்லுக்கு அடியில் எழுத்து இருக்கிறது, அதற்குப் பொருளைத் தாண்டிய ஒரு பலம் இருக்கிறது என்ற உணர்வு இவர்களிடம் சாகவில்லை. யாப்பை நிராகரித்தவர்கள் எழுத்தை நிராகரிக்கவில்லை. பின்வந்தவர்களில் பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட்டார்கள்.

அதன் பலன் என்ன? இன்று எழுதப்படும் கவிதைகளில் பெரும்பாலானவற்றின் சொற்கள் பொருளால் மட்டுமே ஒன்றையொன்று அறிந்தவை. கடல் என்றால் அலை, அலை என்றால் கரை, கரை என்றால் காலடி. பொருள்வரிசை நிகண்டின் ஒரு தொகுதியை உடைத்துப் போட்டது போன்ற சொற்கூட்டம். இரண்டாம் எழுத்தின் வழியே ஓர் அடைகல்லோ ஒரு மூங்கில் தட்டையோ உள்ளே வந்து கவிதையைத் தடம் மாற்றுவது அபூர்வம். எதுகை விதியாக வேண்டாம். அடிதோறும் அது வந்து நிற்கவும் வேண்டாம். சொற்களின் இந்த மூன்றாவது தெரு இருக்கிறது என்று எழுதுகிறவனுக்குத் தெரிந்திருந்தால் போதும். உரைநடையின் ஓட்டத்தில் எழுதும் கவிஞனுக்கும் அந்தத் தெருவில் நடமாட உரிமை உண்டு.

லெக்சிகன் இப்போது கணிப்பொறியில் கிடைக்கிறது. எந்த எழுத்துச் சேர்க்கையைக் கொடுத்தாலும், அது சொல்லின் தலையில் இருந்தாலும் இடையில் இருந்தாலும் கடையில் இருந்தாலும், ஒரு நொடியில் பட்டியல் வந்து நிற்கிறது. தொடையகராதி திரும்பி வந்துவிட்டதென்று சொல்லத் தோன்றும். ஆனால் இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே மதிப்பில் தருகிறது. பட்டினத்தைக் கேட்டால் பாட்டும் வரும், கூட்டமும் வரும். முதலெழுத்து அளவொத்து நிற்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று வகுத்த காது அதற்கு இல்லை. அந்தக் காதையும் சேர்த்து, லெக்சிகனின் சொற்களை எல்லாம் இரண்டாம் எழுத்தின் வரிசையில் பொருளோடு யாராவது அடுக்கித் தந்தால், வீரமாமுனிவர் ஒதுக்கிய நான்காவது அறை மீண்டும் திறக்கும். பண்டிதர்கள் இதைச் செய்யப் போவதில்லை. அவர்களுக்கு ஏற்கனவே ஒரு வரிசை இருக்கிறது. கவிதை எழுதும் நாலு பேர் சேர்ந்து ககர எதுகையிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய வேலை இது.